கேத்தலுக்கு எப்படித் தெரியும்?

தேயிலைத் தொழிற்சாலையை அடிக்கடி நிறுத்தியது அதன் கணினியைப் பார்க்கிற ஜீவன் இல்லை என்று இன்று பின்னேரத்துக்குள் காட்டாவிட்டால் தோட்டத்து நிர்வாகி பெரியதொரை பொலிசுக்குப் போய்விடுவார். பொலிசில் ஒரு முறைப்பாடு பதிந்துவிட்டால் பொலிஸ் ரிப்போர்ட் சுத்தமாக வராது. அது சுத்தமாக வராவிட்டால் ஜீவனுக்கு வந்திருக்கும் சிங்கப்பூர் வேலை கை நழுவிவிடும். இதையெல்லாம் அவனுடைய தங்கை சுபாஜினி நேற்றுப் பதுளைக்கு வந்து ஒரே மூச்சில் சொல்லி அழுதுவிட்டுப் போயிருந்தாள். “அண்ணன் வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. நீங்கதான் கேக்கணும்” என்பது அவள் கடைசியாகச் சொன்னது.

அதனால்தான் குணமணி இன்று சதீஸ்குமாரின் ஆட்டோவில் அப்புத்தளை மலை ஏறிக்கொண்டிருந்தாள்.

குணமணிக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். பதுளையில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவுக்கு உத்தியோகமாக வந்தவள், ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. திரும்பினால் வரவேற்க அங்கே யாரும் இல்லை. ஓய்வு பெற்ற புதிதில் வீடு எவ்வளவு அமைதியாக இருந்ததென்றால், சுவர்க்கடிகாரத்தின் சத்தம் தாங்காமல் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்தத் துப்பறியும் வேலை. துப்பறிபவள் வீட்டுக் கதவையாவது நாலு பேர் வந்து தட்டுவார்கள்.

ஹாலிஎல ஊர்க்காரன் சதீஸ்குமாரை அவள் உதவியாளனாக நியமிக்கவில்லை. அவனாகவே நியமித்துக்கொண்டான். சம்பளம் கேட்க மாட்டான், ஆட்டோ வாடகை மட்டும் கேட்பான். வாயை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் வாடகை இரண்டு மடங்கு.

“மேடம், ஒரு சந்தேகம்” என்றான் அவன், பனிமூட்டத்துக்குள் ஹார்னை அழுத்தியபடி. “அந்தப் பய டிரைவர மாத்துனதுலருந்துதான் ஃபெக்டரி அடிக்கடி நிக்குதுன்னு சொல்றாங்க. எந்த டிரைவர? நம்ம ஸ்டாண்ட் ஆளா?”

“கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற டிரைவர். மெசினோட கதைக்கிற புரோகிராம்.”

“லைசன்ஸ் இருக்கா?”

“உமக்கிருக்கோ?”

சதீஸ்குமார் கொஞ்ச நேரம் பாதையை மிகவும் கவனமாகப் பார்த்தான். பிறகு கேட்டான். “சரிங்க, அதுல என்னாதான் மாத்துனான்?”

“ஃபெக்டரியில எல்லா மெசினையும் ஒரே கொம்பியூட்டர்தான் பாக்குது. மேல்மாடியில கொழுந்து வாட்டுற காத்தாடி, கீழ அரைக்கிற மெசின், பிறகு அடுப்பு, வாசலில தராசு. பழைய டிரைவரில எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பூட்டு. எந்த மெசினோட கதைக்கிறதெண்டாலும் அந்தப் பூட்டைக் கையில எடுக்கவேணும். எடுத்தவர் விடுமட்டும் மற்றதெல்லாம் சும்மா நிக்கும்.”

“நானுஓயாவுலருந்து பதுளைக்கு ஒரே ஒரு வளையம் இருந்தா எப்பிடியோ, அப்பிடி.”

குணமணி அவன் பிடரியை மெச்சிப் பார்த்தாள். மலைநாட்டு ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷன் மாஸ்டர் நீட்டும் வளையம் கைக்கு வராமல் எந்த எஞ்சினும் அடுத்த ஸ்டேஷனை நோக்கி நகரக் கூடாது. வளையம் யாரிடமோ அவனுக்கே பாதை.

“ஒரே வளையம்னா ஒரு வண்டி பதுளை போய்ச் சேர்ற வரைக்கும் மத்த வண்டியெல்லாம் நின்னு கடலை கொறிக்கணும்” என்று தொடர்ந்தான் சதீஸ்குமார். “அதுனாலதான் ஸ்டேசனுக்கு ஸ்டேசன் தனி வளையம் வச்சிருக்கான். நம்ம பயலும் அதத்தான் செஞ்சானா?”

“அதேதான். பெரிய பூட்டை எடுத்துப்போட்டு மெசினுக்கு மெசின் தனிப் பூட்டு வைச்சான். தராசு ஓடினாலும் அடுப்பு தன்ர பாட்டில ஓடும்.”

“நல்லதுதானே. பொறகு ஏன் நிக்குது?”

“ரெண்டு பேர். ஆளுக்கொரு வளையம். ஒவ்வொருத்தனுக்கும் மற்றவன்ர வளையமும் வேணும். ரெண்டு பேருமே தன்ரய விடாம, மற்றவன் விடுவான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டா?”

“சாகுற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்.”

“ஃபெக்டரியும் அப்பிடித்தான் நிக்குது” என்றாள் குணமணி.

வெள்ளைப்பாறைத் தோட்டத்துப் பெரியதொரை அவளுக்கு நாற்காலி கொடுத்தார், நேரம் கொடுக்கவில்லை. அவர் கணக்கு சுலபமானது. புதிய டிரைவர் வந்த பிறகுதான் தொழிற்சாலை நிற்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் ஜீவனைக் கூப்பிட்டால்தான் மறுபடி ஓடுகிறது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான், அவ்வளவுதான். கடைசித் தடவை அவன் வரப் பிந்தியதில் அடுப்புக்குள் இருந்த தேயிலை முழுக்கக் கருகிவிட்டது. இனிப் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜீவன் அலுவலகத்துக்கு வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தான். இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து படித்து மேலே வந்து டவுனில் இருக்கிற பிள்ளை. இப்போது தோட்டத்து ஆட்கள் அவனைக் கடந்து போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். வாங்கில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம், யாரும் உட்காரவில்லை.

குணமணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மெசின் ஒவ்வொண்டிலயும் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கெல்லோ? அந்தப் பூட்டு ஆற்றயாவது கையில இருந்தா எரியும். ஃபெக்டரி நிண்ட நேரம் எது எது எரிஞ்சது?”

“மாடியும் அடுப்பும். எல்லா வாட்டியும் அந்த ரெண்டுதாங்க.”

“மாடிப் பூட்டு ஆற்ற கையில?”

“புரோகிராம் கையில. மாடியில ஈரம் எவ்வளவுன்னு பாத்துட்டு, அதுக்கேத்த சூடு வைக்க அடுப்பக் கேக்கும்.”

“ரெண்டு பூட்டு வேணுமெண்டா எதை முதல் எடுக்கிறது எண்டு ஒரு ஒழுங்கு வைச்சிருப்பீரே.”

“கொழுந்து போற வழிதாங்க. மொதல்ல மாடி, பொறகு அடுப்பு. எல்லாரும் ஒரே தெசையில எடுத்தா முட்டிக்காது.”

“அப்ப அடுப்பை முதல் எடுத்தது உம்மட புரோகிராம் இல்லை. ஒரு ஆள்தான் அடுப்புக்குப் பக்கத்தில நிண்டு, கையால இயக்கிற சாவியைத் திருப்பிப் பூட்டை எடுத்து, அதுக்குப் பிறகு மாடியைக் கேட்டிருக்கு. ஆர் அது?”

“தெரியாதுங்க.”

தெரியாது என்று சொல்கிறவர்கள் வழக்கமாகக் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார்கள். ஜீவன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

“பய பொய் சொல்றான்” என்றான் சதீஸ்குமார், கொஞ்சம் தள்ளி வந்ததும். “ஆனா சரியாச் சொல்ல வரல. குத்தம் செஞ்சவன்னா இதவிட நல்லாச் சொல்லுவான்.”

அடுப்புச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஓர் ஆணியில் தொங்கியது. போகிற வருகிற யாரும் எடுக்கலாம். அடுப்பைப் பார்க்கிற மாடசாமி, கடைசித் தடவை நின்ற அன்று லீவில் இருந்திருக்கிறார். குணமணி மாடிக்கு ஏறினாள்.

மாடி ஒரு பள்ளிக்கூட மண்டபம் அளவு நீளம். வலைத் தட்டுகளில் கொழுந்து பரப்பிக் கிடக்க, கீழிருந்து காற்றாடிகள் ஊதிக்கொண்டிருந்தன. அத்தனை பெரிய இடத்தில் ஒரே ஓர் ஆள், கலாராணி. கொழுந்தைக் கிளறிக்கொண்டிருந்தவள் ஆள் வந்ததைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். கேட்ட கேள்விக்கு மேல் பத்துப் பதில் சொன்னாள். பேச ஆள் கிடைக்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று குணமணிக்கு நன்றாகத் தெரியும்.

“வேல இப்ப லேசுங்க” என்றாள் கலாராணி. “முந்தியெல்லாம் வாசல்ல தராசுல கொழுந்து நெறுக்கிறப்ப மத்த மெசினெல்லாம் கொஞ்ச நேரம் நின்னுரும். நான் கீழ எறங்குவேன், மாடசாமி அண்ணன் வருவாரு, டீமேக்கர் ஐயாவும் ரூமுலருந்து வெளிய வருவாரு. பேசிக்கிட்டு நிப்போம். இப்ப எதுவும் எதுக்காகவும் நிக்கிறதில்லையே. நான் பாட்டுக்கு மேல, அவங்க பாட்டுக்குக் கீழ. சில நாளு ஒரு வார்த்த பேசாமலே லயத்துக்குப் போயிருதுங்க.”

“நிண்டுபோன நாளுகளில?”

கலாராணியின் முகம் மலர்ந்தது. “அன்னைக்குத்தாங்க நல்ல பேச்சு. டீமேக்கர் ஐயா தங்கமான மனுசன். மெசின் நின்னு நான் படியில எறங்கி வர்றதுக்குள்ள சுடச்சுடத் தேத்தண்ணி ஊத்தி வச்சிருவாரு. கிறீம் பிஸ்கட்டும் இருக்கும்.”

“எல்லா முறையுமோ?”

“எல்லா வாட்டியும்ங்க.”

படியிறங்கும்போது சதீஸ்குமார் பாதியில் நின்றுவிட்டான். அவன் அப்படிப் பேசாமல் நின்றால் ஒன்று கால் சுளுக்கியிருக்கும், அல்லது ஏதோ தட்டுப்பட்டிருக்கும்.

“மேடம், எங்க வீட்டுல தேத்தண்ணி கேட்டா, ஒரு சண்ட போட்டு, அது முடிஞ்சு, சமாதானமும் ஆன பொறகுதான் வரும். எம் பொண்டாட்டியக் குத்தஞ் சொல்லக் கூடாது. இந்தக் குளிருல தண்ணி அப்பிடித்தான் கொதிக்கும். இந்தம்மா இந்தப் படி எறங்குறதுக்குள்ள எப்பிடிங்க?” அவன் குரலைத் தாழ்த்தினான். “மெசின் நிக்கப்போகுதுன்னு கலாராணிக்குத் தெரியாது. கொம்பியூட்டருக்கும் தெரியாது. கேத்தலுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?”

குணமணி சிரிக்கவில்லை. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே அடுப்புப் பக்கம் இருந்த சின்ன அறையைப் பார்த்தாள். அறைக் கதவு திறந்தே இருந்தது. யாராவது வருவார்களா என்று பார்த்திருக்கிற கதவு மாதிரி அது அவளுக்குப் பட்டது.

“சதீஸ், இண்டைக்கு வாடகையோட சேர்த்துக் கொஞ்சம் மரியாதையும் தாறன்” என்றாள்.

டீமேக்கர் இரகுநாதன்தான் தொழிற்சாலைக்குப் பொறுப்பு. கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தேயிலை மூட்டையாவது வரை அவர் சொல்தான். யாழ்ப்பாணத்து மனிதர், மனைவி இறந்து சில வருடம், பிள்ளைகள் கனடாவில். குணமணி வாசலில் நின்று, “தேத்தண்ணி ஒண்டு கிடைக்குமோ?” என்றதும் அவர் எழுந்த வேகத்தைப் பார்க்க அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“இருங்கோ, இருங்கோ. எந்த ஊர் நீங்கள்?”

கேத்தலில் தண்ணீர் விட்டு ஹீட்டரில் வைத்தார். ஊர் பெயர் சொன்னதும், அந்த ஊரில் யாரைத் தெரியும், எந்த ஒழுங்கை, எந்தக் கோயில் என்று கேட்டுக்கொண்டே போனார். அவளும் பதில் சொன்னாள். அந்த ஒழுங்கையைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டே எத்தனையோ காலம். ஒரு கணம் தான் எதற்கு வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

சதீஸ்குமார் எட்டிப் பார்த்தான். “மேடம், நான் மாடிப்படி ஏறி எறங்கிட்டு வந்துட்டேன். இன்னும் கொதிக்கலையா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மறைந்தான்.

“பழைய ஹீட்டர். கொஞ்ச நேரம் செல்லும்” என்றார் இரகுநாதன்.

“ஓம் ஐயா. ஆனா மெசின் நிண்ட நாளுகளில மட்டும் உடன கொதிச்சிருக்கு.”

கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனி மூடி, தோட்டம் எதுவும் தெரியவில்லை. அவர் மறுத்துப் பேசுவார் என்று குணமணி எதிர்பார்த்தாள். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“முந்தி ஒண்டு ஓடினா மற்றதெல்லாம் நிக்கும்” என்றார். “எல்லாரும் சலிச்சுக்கொள்ளுவினம், நானும் சலிச்சுக்கொண்டனான். பெரியதொரையிட்ட முறையிட்டுப் புது டிரைவர் போடுவிச்சதே நான்தான். போட்ட பிறகுதான் தெரிஞ்சுது, அந்த நிக்கிற நேரத்திலதான் நாங்கள் ஆளையாள் கண்டிருக்கிறம் எண்டு. இப்ப ஒருத்தரும் ஒருத்தருக்காகவும் நிக்கத் தேவையில்லை. பிள்ளையள் ஞாயிற்றுக்கிழமை கோல் எடுப்பினம். சாப்பிட்டாச்சோ எண்டு கேப்பினம். ஓம் எண்டுவன். அதோட கிழமை முடிஞ்சுது.”

“அதுக்காக?”

“சாவியைத் திருப்பி அடுப்பை எடுத்துப்போட்டு, மாடியைக் கேட்டா எல்லாம் நிண்டுபோகும். ஒருக்காக் கேட்டிட்டா எனக்கே விடேலாது, ஜீவன் வரவேணும். கலாராணி கீழ இறங்கி வருவாள். ஜீவன் வந்து திருத்திப்போட்டு என்னோட இருந்து சாப்பிட்டுப் போவான். அவ்வளவுதான் நான் நினைச்சது. கடைசி முறை மண் சரிஞ்சு பாதை அடைபட்டுப்போச்சு. அவன் வந்துசேர முந்தி அடுப்புக்குள்ள தேயிலை கருகிப்போச்சு. நான் இஞ்ச நிண்டு அந்த மணத்தை மணந்துகொண்டு நிண்டனான்.”

“பழி அந்தப் பொடியன்ர தலையில விழேக்க ஏன் ஐயா பேசாம இருந்தீங்கள்?”

“அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்” என்றார் அவர். “கேப்பான், கேப்பான் எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். ஒவ்வொரு முறையும் வந்தான், திருத்தினான், ஒண்டும் கேக்கேல்லை. அவனுக்கு ஒண்டும் தெரியாதாக்கும் எண்டு நினைச்சன்.”

குணமணி அவர் பக்கம் குனிந்தாள். பிறகு கேட்டாள். “அடுப்பை முதல் எடுத்தா எல்லாம் நிண்டுபோகும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“அவன்தான். டிரைவர் போட்ட அண்டைக்கு, ‘ஐயா, இப்பிடி மட்டும் செஞ்சிராதீங்க’ எண்டு காட்டினவன்.”

“வேற ஆருக்குக் காட்டினவன்?”

“ஒருத்தருக்குமில்லை. எனக்கு மட்டும்…”

அந்தச் சொல்லோடு இரகுநாதன் நின்றுவிட்டார். அவர் முகத்தில் அது மெல்ல மெல்ல ஏறுவதைக் குணமணி பார்த்துக்கொண்டிருந்தாள். கேத்தல் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியது. அதை இறக்க யாரும் எழவில்லை.

“சதீஸ்” என்று கூப்பிட்டாள். “ஜீவனைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

ஜீவன் உள்ளே வந்து மேசையில் இருந்த கோப்பைகளைப் பார்த்தான். பெரியவரின் முகத்தைப் பார்த்தான். யாரும் எதுவும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

“மொத நாளே தெரியுங்க ஐயா” என்றான்.

“அப்ப ஏனடா கேக்கேல்லை?”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நான் கேட்டா உங்களுக்கு வெக்கமாப் போயிரும். பொறகு என்னையச் சாப்பிடக் கூப்பிட மாட்டீங்க.”

“நீ கேப்பாய் எண்டு நான் இருந்தன்” என்றார் இரகுநாதன்.

சதீஸ்குமாருக்கு எப்போதும் நாக்கு நுனியில் ஒரு பகிடி இருக்கும். இந்த முறை அவன் கேத்தலை இறக்கி வைத்தான், அவ்வளவுதான்.

“ஜீவன்” என்றாள் குணமணி. “ரெண்டு பேரும் விடாம இப்பிடி நிண்டா, மெசினுக்கு என்ன செய்வீர்?”

“யாராச்சும் ஒருத்தர் கையில இருக்கிறத விடணுங்க. வேற வழியில்ல.”

“அது நான்தான்” என்றார் இரகுநாதன். எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பெரியதொரையைக் கண்டிட்டு வாறன். தேத்தண்ணியை ஆறவிடாமக் குடியுங்கோ.”

குடையை எடுக்காமலே முற்றத்தில் இறங்கினார். பனிக்குள் நாலைந்து அடி போனதும் ஆள் மங்கிவிட்டார். ஜீவன் மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

அலுவலகத்துக்குள் என்ன பேசினார்கள் என்பது குணமணிக்குக் கேட்கவில்லை. பெரியதொரை கையில் எடுத்த தொலைபேசியைத் திரும்ப வைப்பது மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வெளியே வந்த ஜீவன், பொலிசுக்குப் போகவில்லை, தன் பெயரில் எதுவும் இல்லை என்று சொன்னான். ஆனால் ஐயா இந்த மாதத்தோடு குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார், பூட்டை வேண்டுமென்றே எடுத்தேன் என்று அவராகவே சொல்லிவிட்டாராம்.

“எங்க போவாரு?” என்றான் சதீஸ்குமார்.

“ஊரில பூட்டிக் கிடக்கிற வீடு ஒண்டிருக்கு எண்டு சொன்னவர்” என்றாள் குணமணி.

“நான் போன்ல கூப்பிடுவேங்க” என்றான் ஜீவன். சொல்லும்போதே கண் கலங்கியது. “ஞாயித்துக்கிழம வேணாம். அன்னைக்குத்தான் மத்தவங்க எடுப்பாங்களே. இடையில ஒரு நாளு எடுப்பேன்.”

வெற்றி பெற்ற துப்பறிவாளருக்கு வர வேண்டிய சந்தோஷம் ஏனோ குணமணிக்கு வரவில்லை. ஒருவனைக் காப்பாற்றியதில் இன்னொருவர் வெறும் வீட்டுக்குப் போகிறார். வேறு விதமாகச் செய்திருக்கலாமா என்று மலை இறங்கும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள், வழி தெரியவில்லை.

ஹாலிஎலவுக்குக் கிட்ட ரயில் கடவையில் கேட் விழுந்திருந்தது. சதீஸ்குமார் எஞ்சினை நிறுத்தினான். முன்னால் ஒரு லொறி, பக்கத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள். எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். குணமணி வீட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும், அதைக் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், பிறகு இரவு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

சதீஸ்குமார் தன் மாமியார் முதன்முதலாக ரயில் ஏறிய கதையை ஆரம்பித்தான். மாமியார் ஒரு பலாப்பழத்தோடு ஏறியிருக்கிறார். பாதியில் நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டித் தண்டவாளத்தைப் பார்த்தான்.

“வண்டியக் காணமே மேடம். உங்களுக்கு நேரமாகுதுல்ல? அந்தப் பக்கம் சுத்திப் போயிருவமா?”

“வேண்டாம், நிப்பம்” என்றாள் குணமணி. “அந்தப் பலாப்பழம் பிறகு என்னாச்சு?”

அவன் மகிழ்ந்துபோய்ச் சீட்டில் திரும்பி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். தூரத்தில் எங்கோ ரயில் கூவியது. இன்னும் கொஞ்சம் பிந்தி வந்தால் நல்லது என்று அவள் நினைத்தாள்.